ஒன்று குறைகிறது

உம்மன்னாக்கில் நவம்பர் முதல் வாரம் போன சூரியன்
பிப்ரவரி வரை திரும்பாது.
காலை எட்டு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும்
ஒரே விளக்கு.
அதன் கீழ் உட்கார்ந்து
இரண்டாம் வகுப்பின் கணக்கு நோட்டுகளைத் திருத்துகிறேன்.

மிதெக்கின் நோட்டு.
இரண்டும் இரண்டும் நான்கு. சரி.
மூன்றும் ஒன்றும் நான்கு. சரி.
ஐந்தும் மூன்றும் ஏழு.
பத்தில் நான்கு போனால் ஐந்து.
ஐந்தும் ஐந்தும் ஒன்பது.
சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறி.
நேற்றும் போட்டேன், போன வாரமும்.
இன்றுதான் கவனித்தேன்:
தப்பு ஒவ்வொன்றிலும் ஒன்றேதான் குறைகிறது.
தடுமாறுகிறவன் கூட்டியும் போடுவான், குறைத்தும் போடுவான்.
இவன் ஒரே பக்கம் சாய்கிறான்,
ஒற்றைத் துடுப்புப் படகு மாதிரி.

செப்டம்பரில் நான்தான் சொன்னேன்:
இனி யாரும் விரல் விட்டு எண்ணக் கூடாது,
எல்லாம் மனசுக்குள்.
சொன்ன வாயால்தான் தினமும்
ஆறு என்றும் சொல்கிறேன்.
எங்கள் மொழியில் ஆறு என்பது கையின் கரை.
கரை கடந்து மறுகைக்குள் போனால் ஏழு, எட்டு.
பதினொன்று என்றால் கீழே இறங்கு, கால்விரலுக்கு.
இருபது என்றால் ஓர் ஆள் முடிந்தார்.
விரலைப் பிடுங்கிக்கொண்டு
எதை எண்ணச் சொன்னேன் இவர்களை?

பிள்ளைகள் சொன்னதைக் கேட்டார்கள்.
எண்ணுவதை நிறுத்தவில்லை,
மேசைக்கு அடியில் கொண்டுபோனார்கள்.
பதினான்கு ஜோடிக் கைகள்
அங்கே இருட்டில் வேலை செய்தன.
மேலே பதினான்கு முகங்கள்
யோசிப்பதுபோல் என்னைப் பார்த்தன.

மறுநாள்
கையுறைகளைக் கழற்றி ஹீட்டர்மேல் அடுக்கி முடித்ததும்
"கையெல்லாம் மேசைமேல்" என்றேன்.
கையுறைக்குள் எல்லாக் கையும் ஒன்றுதான்.
கட்டைவிரலுக்குத் தனி அறை,
மற்றவர்களுக்கு ஒரே கூடம்.
உள்ளே எத்தனை பேர் என்று வெளியே தெரியாது.

மிதெக் வலது கையை வைத்தான்.
கொஞ்சம் பொறுத்து இடது கையை.
மோதிர விரல் இருந்த இடத்தில்
வழவழவென்று ஒரு சின்ன மேடு.
ஹாலிபட் கயிறு, விஞ்ச், நாலு வயசு என்றான்,
வானிலை சொல்கிறவன் குரலில்.

ஐந்து விரலும் ஒன்றாயிருக்குமா என்று
எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.
ஐந்தும் இருக்குமா என்று கேட்டதில்லை.

"ஐந்து காட்டு."
கையை விரித்தான்.
"எண்ணு."
நான்கு.
"ஒரு கை ஐந்துன்னு நீங்கதானே சொன்னீங்க.
இதுவும் கைதானே."

என்னிடம் பதில் இல்லை.
அதற்குள் அடுத்தது வந்தது:
"இருபதில்தான் ஓர் ஆள் முடியும்னா
நான் பத்தொன்பதிலேயே முடிஞ்சிட்டேனா?"
கேட்டுவிட்டு முதலில் சிரித்தவனும் அவன்தான்.

பக்கத்தில் குபானுக்.
ஒன்றும் பேசாமல்
தன் சுண்டுவிரலை அவன் கையோரம்
நகர்த்தி வைத்தாள்.
அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய்
அதையும் தொட்டான்.
ஐந்து.

இது போன வாரக் கதை.
விரல்கள் இப்போது மேசைக்கு மேலேதான் இருக்கின்றன,
வெளிச்சத்தில், மை அப்பிக்கொண்டு.

இன்றைய நோட்டு.
ஐந்தும் மூன்றும் எட்டு.
ஐந்தும் ஐந்தும் பத்து.
மிதெக்குக்கு எல்லாம் சரி.

அடுத்தது குபானுக்கின் நோட்டு.
தப்பே போடாதவள்.
ஐந்தும் மூன்றும் ஏழு.
பத்தில் நான்கு போனால் ஐந்து.

பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கினால்
அங்கே ஒன்று குறைத்து எழுத வேண்டும்.
அது அடுத்த வருஷப் பாடம்.
நான் இன்னும் நடத்தவில்லை.

சிவப்புப் பேனாவைத் திறக்கிறேன்,
மூடுகிறேன்.
வெளியே ஒரு நாய் ஊளையிடுகிறது,
அப்புறம் எல்லா நாய்களும்.

நாளைக்கு
குபானுக் பக்கமாக
என் சுண்டுவிரலை நீட்டி வைக்கலாம்.

பிறகு மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டியவளும்
நான்தான்.